கரிசல் காட்டுக்கு ஓர் ஆர்என்ஏ ஆய்வகம்

சங்கரன்கோவில், திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் ஐப்பசி மழையை நம்பி உளுந்து விதைப்பவர்களுக்கு இரண்டு பயங்கள் உண்டு. ஒன்று, மழை பொய்ப்பது. மற்றது, மழை நன்றாகவே பெய்து செடி தளதளவென்று எழுந்த பிறகு வரும் மஞ்சள் தேமல். இளந்தளிரில் சிறு மஞ்சள் புள்ளிகளாகத் தொடங்கி இலை முழுவதும் படரும். அதன் பிறகு பூ குறையும், காய் சிறுக்கும், பருப்பு தேறாது. நோயை உண்டாக்குவது வைரஸ். அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது வெள்ளை ஈ. வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. விற்பதெல்லாம் ஈயைக் கொல்லும் மருந்து. அதற்குத் தப்பிய சில ஈக்கள் போதும், நோய் அடுத்த காட்டுக்குப் போய்விடும். ஆனால் இந்த வைரஸை எதிர்க்க உளுந்துச் செடிக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. அதை உலகுக்குக் காட்டிய ஆய்வில் மதுரைக்கும் பங்கு உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அறிவு வயலை எட்டவில்லை. அதற்குக் காரணங்கள் பல இருந்தாலும் முதன்மையானது ஒன்று: இந்த ஆராய்ச்சியைத் தம் வாழ்நாள் வேலையாக ஏற்க முன்வருபவர்களுக்குத் தென்மாவட்டங்களில் நாம் நிலையான இடம் தரவில்லை.

அந்த வழி என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டிஎன்ஏவில் இருக்கும் செய்தியை ஆர்என்ஏ எடுத்துச் செல்கிறது, அதைப் படித்துச் செல் புரதம் செய்கிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். புரதம் செய்ய உதவாத பகுதிகளைக் குப்பை என்றே அறிவியலாளர்கள் பலர் நெடுங்காலம் ஒதுக்கிவைத்தார்கள். 1990இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்கென்சனும் கரோலின் நாப்போலியும் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தைக் கூட்டுவதற்காக அந்த நிறத்துக்கான மரபணுவை இன்னொரு முறை செடிக்குள் செலுத்தினார்கள். நிறம் கூடவில்லை, பல செடிகளில் பூ வெள்ளையாகவே மலர்ந்தது. செடி தன் மரபணுவையும் சேர்த்து அடக்கிவிட்டது. 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு நுண்புழுவில் இதன் விடையைக் கண்டார்கள்: இரட்டை இழை ஆர்என்ஏ செல்லுக்குள் வந்தால், அதே வரிசை கொண்ட செய்தியைச் செல் அழித்துவிடுகிறது. மறு ஆண்டே இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோமும் செடிகளில் அந்த வேலையைச் செய்யும் குட்டி ஆர்என்ஏக்களைப் பிடித்துக் காட்டினார்கள். வைரஸின் ஆர்என்ஏவைச் செடி சிறுசிறு துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்துக்கொண்டு மிச்சமுள்ள வைரஸைத் தேடி அழிக்கிறது. புரதம் எதையும் செய்யாத இந்தத் துண்டுகள் செடியின் வைரஸ் எதிர்ப்புச் சக்தியில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஃபயருக்கும் மெல்லோவுக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. செல் தன் மரபணுக்களைக் கட்டுப்படுத்தத் தானே உண்டாக்கும் குட்டி ஆர்என்ஏவான மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024இல் கிடைத்தது. இரண்டு முறையும் தாவர ஆய்வாளர் எவரும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. பால்கோமை விட்டது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன்.

இது ஒருதலையான போர் அல்ல. செடியின் ஆர்என்ஏ ஆயுதத்தை மழுங்கடிக்கும் புரதங்களை வைரஸ்கள் வைத்திருக்கின்றன. ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸின் ஏசி4 என்ற புரதம் செடியின் மைக்ரோ ஆர்என்ஏவையே பிடித்துவைத்துக்கொள்கிறது என்று 2005இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதை எழுதியவர்கள் செல்லப்பன், வனிதாராணி, ஃபோகே. அவற்றில் இரண்டு நம் ஊர்ப் பெயர்கள். திராட்சையையும் தக்காளியையும் அழுகவைக்கும் பொட்ரைட்டிஸ் பூஞ்சை தன் சொந்தக் குட்டி ஆர்என்ஏக்களைச் செடிக்குள் அனுப்பி அதன் எதிர்ப்பை அடக்குகிறது என்று 2013இல் கலிஃபோர்னியாவில் ஹெய்லிங் ஜின் குழு கண்டது. இன்னும் விநோதமானது வைராய்டு. தியோடர் டீனர் 1971இல் உருளைக்கிழங்கு நோய் ஒன்றில் கண்டறிந்த இந்தக் கிருமி வெறும் வட்ட ஆர்என்ஏ. 359 எழுத்துகள்தான் நீளம். ஒரு புரதத்தைக்கூட உண்டாக்குவதில்லை. அப்படியிருந்தும் செடியை நோயில் தள்ளுகிறது. பிலிப்பைன்ஸில் கோடிக்கணக்கான தென்னைகளைச் சாய்த்த காடாங்-காடாங் நோய்க்குக் காரணமும் இப்படியொரு வைராய்டுதான். புரதம் செய்யாத ஆர்என்ஏ என்பது ஒரே சமயத்தில் நோயாகவும் எதிர்ப்பாகவும் இருக்கிறது. பயிர் நோய்களைப் புரிந்துகொள்ள நினைக்கும் நாடு இந்தத் துறையை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது.

இனி மதுரைக்கு வருவோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே.வேலுத்தம்பியின் ஆய்வகம் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் எடுத்த மஞ்சள் தேமல் வைரஸின் டிஎன்ஏவைப் பிரித்து, அதைக் கொண்டு செடியில் நோயை உண்டாக்கிப் பார்க்கும் முறையை நிலைப்படுத்தியது. அங்கே முனைவர் பட்டம் பெற்ற பி.வி.சிவபிரசாத், வேலுத்தம்பி, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த மிகைல் பூகின், தாமஸ் ஹோன் ஆகியோரின் ஆய்வு 2003இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளிவந்தது. நோய் பிடித்த உளுந்துச் செடிக்குள் வைரஸின் ஒரு பகுதியை இரட்டை இழை ஆர்என்ஏவாக உண்டாக்கும் டிஎன்ஏவைச் செலுத்தினார்கள். அந்தப் பகுதி வைரஸின் எந்தப் புரதத்துக்கும் உரியதல்ல. அதன் மரபணுக்களை முடுக்கிவிடும் இடம். செடிகளில் பெரும்பாலானவை நோயிலிருந்து மீண்டு பச்சைத் தளிர் விட்டன. டிஎன்ஏ வைரஸையும் இந்த வழியில் அடக்கலாம் என்பதற்கான தொடக்கச் சான்று அது. அதற்கு ஆதாரமாக நின்ற பயிர் நாம் தினமும் உண்ணும் உளுந்து. பின்னர் சிவபிரசாத் இங்கிலாந்தில் பால்கோமின் குழுவில் சேர்ந்து, தக்காளியில் நோய் எதிர்ப்பு மரபணுக்களை ஒரு மைக்ரோ ஆர்என்ஏ குடும்பம் கட்டிவைக்கிறது, நோய்க்கிருமி தாக்கும்போது அந்தக் கட்டு தளர்கிறது என்பதை 2012இல் வெளியிட்டார். இன்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஆய்வகம் நடத்துகிறார். இப்படித் தொடர்ச்சி அமைந்த ஆராய்ச்சி வாழ்க்கைகள் அரிது. அந்தத் தொடர்ச்சிக்கு இடம் கொடுத்தது பெங்களூரு என்பதையும் மதுரையோ திருநெல்வேலியோ அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிரேசிலில் நடந்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். அங்கே அவரைக்கு வரும் பொன்தேமல் நோயும் நம் மஞ்சள் தேமலும் உறவு; அதையும் பரப்புவது வெள்ளை ஈதான். எம்ப்ராபா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வைரஸை ஆர்என்ஏ வழியில் அடக்கும் அவரையை உருவாக்கியது. 2011இல் அதற்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. அந்த அவரை தனியார் கம்பெனியிடம் வாங்கிய தொழில்நுட்பத்தில் வந்ததல்ல. பிரேசில் மக்கள் தினமும் சாப்பிடும் பயறுக்காக, மக்கள் பணத்தில், அந்நாட்டு ஆய்வாளர்கள் பல்லாண்டு ஒரே வேலையில் இருந்து செய்தது. உளுந்தில் மரபணுவைச் செலுத்திச் செடியை மீட்டெடுப்பது மற்றப் பயிர்களைவிடக் கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடினமான வேலைக்குத்தான் நீண்ட காலம் வேண்டும். மூன்றாண்டுத் திட்டம், அது முடிந்ததும் கலையும் குழு, வேறு திட்டத்துக்காக மீண்டும் விண்ணப்பம் என்ற நடைமுறையில் எந்தப் பயறும் ஆய்வகத்தை விட்டு வெளியே வராது.

இந்த ஆராய்ச்சி எங்கே நடந்தால் என்ன, அறிவுக்கு ஊர் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. கோட்பாட்டுக்கு ஊர் இல்லை, நோய்க்கு உண்டு. மஞ்சள் தேமலை முதலில் விவரித்தது 1960இல் டெல்லியில். ஆனால் வட இந்தியாவில் பரவலாக இருக்கும் வைரஸ் ஓர் இனம். தெற்கில் பெரும்பாலும் காணப்படுவது அதன் உறவான வேறோர் இனம். நம் வைரஸுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அதன் டிஎன்ஏ இரண்டு வட்டங்களாக இருக்கிறது. வம்பன் வைரஸில் முதல் வட்டம் ஒன்றாக இருக்க, இரண்டாம் வட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் இருப்பதையும், எந்த வடிவம் சேர்கிறதோ அதைப் பொறுத்து உளுந்திலும் பாசிப்பயறிலும் நோயின் கடுமை மாறுவதையும் வேலுத்தம்பி குழுவே காட்டியது. வெள்ளை ஈயிலும் பல மரபுவகைகள் உண்டு. ஆகவே சங்கரன்கோவில் காட்டில் இந்தப் பருவத்தில் எந்த வைரஸ், எந்த ஈ, எந்த ரகத்தில் என்ன வேகம் என்பதை இங்கேயே ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்கும் ஆள் வேண்டும். பெங்களூருவிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வந்து இலை பறித்துக்கொண்டு போகும் மாணவரால் இது நடக்காது. கோவில்பட்டியில் மானாவாரிப் பயிர்களுக்கென வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990 முதல் இயங்குகிறது. கட்டடமும் நிலமும் இருக்கின்றன, மாணவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்று நிறுவனங்களையும் இந்த ஒரு கேள்வியில் இணைத்து நிறுத்தும் நிரந்தரப் பணியிடங்கள்தான் வேண்டும்.

அந்தப் பணியிடத்துக்கு வரவேண்டியவரின் பாதையை எண்ணிப் பாருங்கள். இளநிலையும் முதுநிலையும் ஐந்தாண்டு. முனைவர் பட்டம் இன்னும் ஐந்தாறு ஆண்டு. அதற்குப் பின் வெளிநாட்டிலோ பெருநகரத்திலோ மூன்று நான்கு ஆண்டு மேலாய்வு. வயது முப்பத்தைந்தை நெருங்கும்போதுதான் சொந்தமாக ஆய்வகம் நடத்தும் தகுதி முழுமையாகக் கைவருகிறது. தேசியத் தகுதித் தேர்வில் வென்றவருக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காதவர்கள்தான் அதிகம். வெளிநாட்டில் இருப்பவரைத் திரும்ப அழைக்க மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி நிதி இருக்கிறது. ஆனால் அதுவும் சில ஆண்டுகளுக்கானதே. அதற்குப் பின் நிரந்தர வேலை தரும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது. பல்கலைக்கழகங்களோ தடுமாறுகின்றன. உளுந்து வைரஸ் ஆய்வால் உலகின் கவனத்தைப் பெற்ற மதுரை காமராசர் பல்கலைக்கழகமே அண்மை ஆண்டுகளில் ஊழியர்களுக்குச் சம்பளம் தரத் திணறியது. ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்க, பாடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்குகிறார்கள். கல்வியாண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வேலையில் இருப்பவரால் நான்கு பருவங்கள் நோயைத் தொடர்ந்து கவனிக்கத் திட்டமிட முடியுமா? இதோடு, ஆய்வாளரை எடைபோடும் முறையும் நிலைமையைக் கெடுத்துவிட்டது. மானாவாரி உளுந்து பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு பருவம்தான். மழை தவறினால் ஓராண்டுத் தரவு போய்விடும். அப்படிப்பட்டவரிடம் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று கேட்டால் அவர் வயலை விட்டுவிட்டுக் கணினியில் முடியும் ஆய்வுக்குப் போய்விடுவார். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன்பே கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கியது சரியான முடிவு. ஆசிரியர் நியமனத்திலும் பதவி உயர்விலும் அந்த மனநிலை இன்னும் மாறவில்லை.

நோய் தாங்கும் ரகங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே, பிறகு எதற்கு இதெல்லாம் என்பது எதிர்வாதங்களில் வலுவானது. உண்மைதான். வம்பன் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் தந்த வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 போன்ற ரகங்கள் மரபான கலப்பு முறையில் வந்தவை. அவற்றை உருவாக்கியவர்களுக்கு உளுந்து விவசாயிகள் கடமைப்பட்டவர்கள். ஆனால் எந்த எதிர்ப்பும் நிரந்தரம் அல்ல. வைரஸ் மாறுகிறது, ஈ மாறுகிறது, வெயில் கூடுகிறது. ஒரு ரகத்தின் எதிர்ப்பு எந்த மரபணுவில் இருக்கிறது, அதைக் கட்டிவைக்கும் மைக்ரோ ஆர்என்ஏ எது என்று தெரிந்தால் அடுத்த ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் காலம் குறையும். கலப்பு முறையும் ஆர்என்ஏ ஆய்வும் போட்டிக்காரர்கள் அல்ல.

மரபணு மாற்றுப் பயிரைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவரும் முயற்சி இது என்ற ஐயமும் எழும். 2010 பிப்ரவரியில் பிடி கத்தரிக்காய் நிறுத்திவைக்கப்பட்ட நாட்டில் அந்த ஐயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. விதை யாருடைய கையில் இருக்கும், பரிசோதனை முடிவுகளை யார் பார்ப்பார்கள் என்று விவசாயி கேட்பது நியாயம். பிரேசில் அவரையைப் போல வைரஸை அடக்க வேறொரு புரதத்தை நம்பாத பயிராக இருந்தாலும், அதை வெளிப்படையாகச் சோதித்து, விதையைப் பொதுவுடைமையாக வைத்திருந்தால் மட்டுமே ஏற்கலாம் என்பது என் நிலை. அதற்கும் அரசு ஆய்வகம்தான் வேண்டும். ஆனால் இந்தத் துறையை மரபணு மாற்றத்தோடு மட்டும் கட்டிப்போடுவது தவறு. செடியில் இருக்கும் குட்டி ஆர்என்ஏக்களை மொத்தமாகப் படித்தால், அதைத் தாக்கியிருக்கும் வைரஸ்களின் வரிசையை, முன்பு எவரும் அறியாத வைரஸாக இருந்தாலும், ஒட்டிச் சேர்த்துவிடலாம். பெருவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் 2009இல் சர்க்கரைவள்ளியில் இதைச் செய்துகாட்டியது. புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் நாற்றங்கால்களுக்கும் இது நேரடியாக உதவும். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் வைராய்டுகளில் புரதமே இல்லாததால் புரதத்தைத் தேடும் வழக்கமான பரிசோதனை அவற்றிடம் பலிக்காது; ஆர்என்ஏவைத் தேடினால்தான் அகப்படும். சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு வரும் மல்லிகைக்கும் பிச்சிக்கும்கூட இப்படியொரு பரிசோதனை வசதி தேவை. தெளிப்பு வழியும் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நீனா மிட்டர் குழு ஆர்என்ஏவை நுண்ணிய களிமண் தகடுகளில் ஏற்றித் தெளித்துப் புகையிலைச் செடியை 20 நாட்கள் வைரஸிலிருந்து காத்ததாக 2017இல் வெளியிட்டது. வெள்ளை ஈ பரப்பும் டிஎன்ஏ வைரஸ்களிடம் அது எவ்வளவு எடுபடும் என்பது திறந்த கேள்வி. நம் காடுகளுக்கு அதை விடுவிக்க வேண்டியவர்கள் நாம்தான். உளுந்து உண்ணாத நாட்டுக் கம்பெனிக்கு அதில் என்ன அவசரம் இருக்கப்போகிறது?

பணம் எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டும், மருத்துவமனைக்கு மருந்து வேண்டும் என்ற நிலையில் ஆராய்ச்சிக்கு எதற்கு என்பார்கள். இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு 2020-21இல் செலவிட்டது 0.64 விழுக்காடு. இதில் வெட்டிக் கூரை போட முடியாது. வரிசை படிக்கும் செலவு இருபது ஆண்டுகளில் பெருமளவு குறைந்துவிட்டது. விலை கூடிய கருவியை ஒவ்வொரு கல்லூரியும் வாங்க வேண்டியதில்லை, மாதிரியை அனுப்பிப் படித்துக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் பெரிய செலவு ஆட்களின் சம்பளம்தான். மறுபுறம், மியான்மரிலிருந்து உளுந்தை இறக்குமதி செய்ய நாடு ஆண்டுதோறும் அந்நியச் செலாவணியைக் கொடுக்கிறது. வெள்ளை ஈக்கு மருந்து வாங்க விவசாயி கடன் வாங்குகிறார். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து தாவரவியலும் உயிரித்தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகள், வேலை இல்லை என்று அந்தப் படிப்பையே விட்டுப் போகிறார்கள். இந்த இழப்பும் கணக்கில் வர வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2021 முதல் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை தருகிறது. அடுத்த அறிக்கையில் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கு ஒரு பயிர் வைரஸ் மற்றும் ஆர்என்ஏ ஆய்வுக் குழுவை அறிவிக்க வேண்டும். கோவில்பட்டியின் நிலமும் கிள்ளிகுளத்தின் ஆய்வகமும் திருநெல்வேலியின் மாணவர்களும் அதில் சேர வேண்டும். நான்கைந்து நிரந்தரப் பணியிடங்கள் போதும். ஆனால் நிதி குறைந்தது பத்தாண்டுகளுக்கு உறுதி செய்யப்பட வேண்டும், மதிப்பீடு கட்டுரை எண்ணிக்கையில் அல்லாமல் வயலில் தெரியும் மாற்றத்தில் நடக்க வேண்டும். சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கோவில்பட்டி சட்டமன்ற உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையைச் சேர்ந்து எழுப்ப வேண்டும். அவர்களை எழுப்பவைக்க வேண்டியவர்கள், இந்தக் காடுகளில் உளுந்து விதைப்பவர்களும் அவர்களின் பிள்ளைகளும்.